மசாலா டீ: இஞ்சி போட்டால் பால் திரிகிறது, ஏலக்காய் மணம் நிற்பதில்லை. எங்கே தப்பு?

பெருங்குடி_நைட்ஷிப்ட் (சென்னை)
வணக்கம். எனக்கு இரவு ஷிப்ட். விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு மசாலா டீ குடித்துவிட்டுத்தான் படுப்பேன். கூட வேலை பார்க்கும் குஜராத்தி நண்பர் வீட்டில் குடித்த டீ நாக்கிலேயே நிற்கிறது. அதை நம் வீட்டில் போடலாம் என்று பார்த்தால் வரவே மாட்டேன் என்கிறது.

நான் செய்வது இதுதான். ஒரு டம்ளர் பால் (ஆவின் நீலப் பாக்கெட்), அரை டம்ளர் தண்ணீர், துருவிய இஞ்சி, பாக்கெட் டீ மசாலா அரை ஸ்பூன், டஸ்ட் டீத்தூள் இரண்டு ஸ்பூன், சர்க்கரை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். வந்து பார்த்தால் பத்து நிமிடமாவது கொதித்திருக்கும்.

சில நாள் பால் திரிந்துவிடுகிறது. திரியாத நாளில் கசக்கிறது. டம்ளர் அடியில் மசாலா வண்டலாகத் தங்குகிறது. வாசனை பாக்கெட்டைத் திறக்கும்போது வருவதோடு சரி, டீயில் இல்லை. நிறமும் சாம்பல் கலந்த பழுப்பு. எதை மாற்ற வேண்டும்? பாலையா, டீத்தூளையா, மசாலாவையா?

டீமாஸ்டர்_திருப்பூர்
தம்பி, முதலில் குளிக்கப் போவதை மாற்றுங்கள். டீ அடுப்பில் இருக்கும்போது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்புறம் டஸ்ட். அது எங்களுக்கு, அதாவது கடைக்கு ஆனது. வடிகட்டித் துணியில் போட்டு மேலே கொதிநீர் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் சாயம் இறங்கிவிடும். அவ்வளவு பொடியான தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கசக்காமல் என்ன செய்யும்? பாய்லர் கடையில் நாங்கள் டீத்தூளைப் பாலில் போட்டுக் காய்ச்சுவதே கிடையாது. டிகாஷன் தனி, பால் தனி, கிளாசில்தான் இரண்டும் சேரும். இஞ்சி டீ கேட்டால் இடித்த இஞ்சியைத் துணியில் டீத்தூளோடு போட்டு வடிப்போம். பால் திரிந்தது என்ற பேச்சே எங்கள் கடையில் வராது.

மணிநகர் மீனா (அகமதாபாத்)
மாஸ்டர் அண்ணன் சொல்வது நம் ஊர் டீக்குச் சரி. தம்பி கேட்பது குஜராத்தி வீட்டு டீ. அது காய்ச்சுகிற டீ, துணியில் வடித்துப் பாலில் கலந்தால் அந்தச் சுவை வராது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். மணிநகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எங்கள் வீடுகளில் காலையில் காபி, மாலையில் இந்த ஊர் டீ என்று ஆகிவிட்டது.

தம்பி போடும் பொருளில் பெரிய குறை இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதுதான் குறை. இரண்டு பேருக்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

தண்ணீர் 200 மில்லி. அரை அங்குல இஞ்சியைத் துருவாமல் இடிகல்லில் நசுக்கி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் போடுவேன். கூடவே நான்கு மிளகு, ஒரே ஒரு கிராம்பு, சிறு துண்டு பட்டை, மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டி. மூன்று நான்கு நிமிடம் கொதித்துத் தண்ணீர் மஞ்சளாகும், மூக்கில் கார வாசனை ஏறும். அதற்கு முன்னால் டீத்தூளைத் தொட மாட்டேன். பிறகு சிடிசி தூள் (மணி மணியாக இருக்கிற டீத்தூள்) இரண்டு சிறு கரண்டி, சர்க்கரை. இரண்டு நிமிடம். பிறகு பால் 150 மில்லி. பால் சேர்ந்ததும் தீயைக் கூட்டி, பொங்கி மேலே வரும்போது குறைத்து, மறுபடி கூட்டி, இப்படி இரண்டு மூன்று முறை. கடைசிப் பொங்கலில் மூன்று ஏலக்காயைத் தட்டிப் போட்டு அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் மூடி வைத்து வடிகட்டுவேன்.

ஏலக்காய் கடைசியில்தான். ரசத்துக்குக் கொத்தமல்லித் தழை போடுகிற மாதிரி. தம்பி அதை முதலிலேயே போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் மணமெல்லாம் சமையலறைக்குத்தான் போகும், டீக்கு வராது.

சுத்தத்தேநீர்
நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல தேயிலைக்கு எதற்கு இத்தனை மசாலா? மிளகு, கிராம்பு, பட்டை போட்டுக் காய்ச்சினால் அது கஷாயம். மட்டமான தூளின் ருசியை மறைக்கத்தான் மசாலா. தம்பி நல்ல நீலகிரி இலைத் தேயிலை வாங்கி, பாலே இல்லாமல் மூன்று நிமிடம் ஊறவைத்துக் குடித்துப் பாருங்கள். இந்த இழையே தேவைப்படாது.

பெருங்குடி_நைட்ஷிப்ட்
சார், விடியற்காலையில் பால் இல்லாத டீயா? என்னால் முடியாது.

மீனா அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். இஞ்சியைத் தண்ணீரில் போட்டால் திரியாது, பாலில் போட்டால் திரியும் என்பது ஏன்? போய்ச் சேருவது அதே பாத்திரம்தானே?

ரசாயன_வாத்தியார் (ஓய்வு)
இதற்கு நான் பதில் சொல்கிறேன். பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று உண்டு, ஜிஞ்சிபெய்ன் என்று பெயர். பாலில் இருக்கும் கேசீன் புரதத்தை அது வெட்டும், பால் கட்டியாகும். இந்த நொதி 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏறக் கெட்டு, கொதிநிலையில் செத்துவிடும்.

இப்போது உங்கள் முறையைப் பாருங்கள். குளிர்ந்த பாலில் இஞ்சியைப் போட்டுச் சிம்மில் வைக்கிறீர்கள். பால் மெதுவாகச் சூடாகி 50, 60, 70 என்று அந்த நொதிக்குப் பிடித்த சூட்டில் பல நிமிடம் தங்குகிறது. துருவியதால் சாறு முழுக்க வெளியே வந்திருக்கிறது. திரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மீனா அம்மா கொதிக்கும் தண்ணீரில் இஞ்சியைப் போடுவதால் பால் வருவதற்கு முன்பே நொதி செயலிழந்துவிடுகிறது. காரமும் மணமும் மட்டும் மிச்சம்.

சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். கிண்ணத்தில் இஞ்சிச் சாறு, அதன் மேல் சுமார் 70 டிகிரி சூட்டில் சர்க்கரைப் பால். சில நிமிடத்தில் தயிர்போல உறைந்துவிடும், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவார்கள். உங்களுக்கு வேண்டாத விபத்து அவர்களுக்குப் பலகாரம்.

சில நாள் மட்டும் திரிவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். முந்தின நாள் பால் கொஞ்சம் புளிப்பேறியிருந்தால் தொட்டாலே திரியும். சுக்கு போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

டீமாஸ்டர்_திருப்பூர்
வாத்தியாரே, காரணம் தெரியாமலே நாங்கள் சரியாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள் 😄

கோத்தகிரி_பனி
தாமதமாக வருகிறேன். எங்களுக்குச் சிறு தோட்டம், பறிக்கிற பச்சைத் தேயிலையைப் பக்கத்து ஃபேக்டரிக்குப் போடுகிறோம். தூளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம்.

சுத்தத்தேநீர் சார் சொன்ன இலைத் தேயிலை ஆர்த்தடாக்ஸ். இலையை வாட்டி, உருட்டி, முறுக்கி, பெரிய இலையாகவே காயவைப்பது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் எடுக்கும் இலையில் பூ மணம் இருக்கும். அதில் மிளகைப் போட்டுப் பால் ஊற்றினால் எனக்கே மனசு வலிக்கும். அங்கே சார் பக்கம்தான் நான்.

ஆனால் நாம் வீட்டில் பாலோடு குடிக்கிற டீ சிடிசி. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. வில்லியம் மெக்கர்ச்சர் 1930 இல் அஸ்ஸாமில் கொண்டுவந்த இயந்திரம். இலையின் செல்லெல்லாம் உடைந்துவிடுவதால் சாயம் சட்டென்று இறங்கும், பாலைத் தாங்குகிற அளவுக்குக் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் அதன் வேலை. மசாலாவும் பாலும் சேர்ந்தால் மெல்லிய தேயிலை காணாமல் போய்விடும், சிடிசி நிற்கும். மட்டத்தை மறைப்பது என்று சொல்ல மாட்டேன்.

சிடிசியிலேயே பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். பிஓபி, பிபி என்பவை பெரிய மணி. பிஎஃப் அதைவிடச் சிறிது. கடைசியாக டஸ்ட் வகைகள். நம் தெற்கே டஸ்ட்தான் ஓடும், வடக்கே பெரிய மணி கேட்பார்கள். மீனா அக்கா காய்ச்சுவது பெரிய மணியாகத்தான் இருக்கும். தம்பி டஸ்டை அவர் நேரத்துக்குக் காய்ச்சினால் கசக்கும். டஸ்ட் என்றால் ஒரு நிமிடம் போதும். இல்லையென்றால் கடையில் லீஃப் என்று, அதாவது பெரிய மணி சிடிசியாக, கேட்டு வாங்குங்கள். அஸ்ஸாம் தூள் கனமும் சிவப்பும் தரும், நீலகிரித் தூளில் வாசனை கூடுதல், கனம் கொஞ்சம் குறைவு. இரண்டும் பாதிப் பாதி கலந்தால் மசாலா டீக்கு அருமை. சொந்த ஊர்த் தூளை முழுசாகப் போடச் சொல்லாததற்கு எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிக்கவும்.

மணிநகர் மீனா
ஆமாம், இங்கே எல்லாம் மணி மணியாகத்தான் கிடைக்கும். அம்மா ஊரிலிருந்து டஸ்ட் கொண்டுவந்தபோது என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, அடியில் தங்கின தூளா?" என்று கேட்டார்.

சுத்தத்தேநீர்
கோத்தகிரி நண்பருக்கு நன்றி, பாதி வழி வந்தீர்கள். ஆனால் சிடிசிக்குக்கூட ஏலக்காயோ இஞ்சியோ ஏதாவது ஒன்று போதும். ஐந்தாறு சேர்ந்தால் எது எந்த மணம் என்றே தெரியாது.

ரசாயன_வாத்தியார் (ஓய்வு)
சார், உங்கள் கட்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. நம் நாட்டில் தேயிலையைப் பரப்பியவர்கள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் அமைப்புகள். 1903 இல் தேயிலைக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். ரயில் நிலையங்களில் டீ போடும் முறையை எழுதி எனாமல் பலகை மாட்டினார்கள். புதுத் தண்ணீர், கொதிக்க வைத்துக் கெட்டிலில் ஊற்று, ஊறவிடு, பிறகு பால் சேர் என்று இங்கிலீஷ் முறை. நம் ஆட்களோ பாலைக் கூட்டி, சர்க்கரையைக் கூட்டி, இஞ்சி ஏலம் எல்லாம் போட்டுக் காய்ச்சினார்கள். அது அந்த முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. நாக்கு கெட்டுவிடும் என்ற கவலை இல்லை. மசாலா மணம் கூடினால் டீத்தூள் குறைவாகப் போடுவார்கள், விற்பனை குறையும் என்ற கவலைதான். நல்ல தேயிலைக்கு மசாலா வேண்டாம் என்ற பேச்சில் கொஞ்சம் அந்தக் கல்லாப்பெட்டிச் சத்தமும் கேட்கிறது.

சுத்தத்தேநீர்
கதை நன்றாக இருக்கிறது. என் நாக்கு யாருக்கும் தீர்வை கட்டவில்லை.

போடி_ஏலக்கடை
ஏலக்காய் என்று பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன். போடிநாயக்கனூரில் சில்லறைக் கடை. ஏலம் எடுக்கிற பெரிய ஆள் இல்லை.

டீக்கு 8 மில்லிமீட்டர் முதல்தரக் காய் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். பெரிய பச்சைக் காய் கண்ணுக்கு, ஏற்றுமதிக்கு, பண்டிகைப் பாயசத்துக்கு. டீயில் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. சின்னக் காயோ வாய் பிளந்த காயோ போதும். உள்ளே அரிசி, அதாவது விதை, கருப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அரிசி வெளுத்துக் காய்ந்திருந்தால் தோல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மணம் கிடையாது. தோலைத் தூக்கி எறியாமல் சர்க்கரை டப்பாவில் போட்டு வையுங்கள், அந்தச் சர்க்கரையே டீக்கு நல்லது.

பாக்கெட் மசாலாவில் மணம் நிற்காததற்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. ஏலக்காயைப் பொடித்த அன்றே எண்ணெய் பறக்க ஆரம்பித்துவிடும். மிளகும் அப்படித்தான். முழுசாக வைத்திருந்து போடும்போது தட்டுவதுதான் வழி.

மணிநகர் மீனா
அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் காலையில் மூன்று டிபன் டப்பா கட்டுகிறவளுக்கு ஒவ்வொரு முறையும் தட்ட நேரம் இல்லை. இங்கே வீட்டுக்கு வீடு மசாலா டப்பா உண்டு, வேண்டிய அளவு கொஞ்சமாக அரைத்துக்கொள்வோம். என் அளவு: சுக்கு 25 கிராம், ஏலக்காய் 25, மிளகு 15, பட்டை 10, கிராம்பு 5, சாதிக்காய் கால் துண்டு. பட்டையையும் கிராம்பையும் லேசாகச் சூடு காட்டினால் நன்றாகப் பொடியாகும், ஏலக்காயைச் சூடுபடுத்த வேண்டாம். மிக்ஸியில் அரைத்து, நைசாகச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். இரண்டு கப்புக்குக் கால் டீஸ்பூன், அதற்கு மேல் போட்டால் தொண்டை எரியும். தம்பி அரை ஸ்பூன் போடுகிறார், அதனால்தான் அடியில் வண்டல்.

குளிர்காலத்தில் பொடி கிடையாது. பச்சை இஞ்சி, புதினா, எலுமிச்சைப்புல். டிசம்பரில் காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி வாங்கும்போது கூடவே இதையும் ஒரு கட்டாகக் கேட்டு வாங்குவோம். எலுமிச்சைப்புல்லைக் கத்தரித்து இஞ்சியோடு கொதிக்கவிட்டு, புதினாவைக் கடைசியில் நாலு இலை. மிளகு, பட்டை எதுவும் வேண்டாம் அப்போது. சுத்தத்தேநீர் சாருக்கே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெருங்குடி_நைட்ஷிப்ட்
அக்கா, என் நண்பர் வீட்டு டீயில் புல் வாசனை இருந்தது! அப்போது என்னவென்று தெரியவில்லை. எலுமிச்சைப்புல் சென்னையில் கிடைக்குமா?

மணிநகர் மீனா
நர்சரியில் ஒரு தூர் வாங்கித் தொட்டியில் வையுங்கள். வெயில் இருந்தால் போதும், வெட்ட வெட்ட வளரும்.

ஹட்டன்_தேத்தண்ணி (இலங்கை)
வாசிக்க நல்லா இருக்கு. எங்கட பக்கம் வேற மாதிரி. இங்க பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை, காய்ச்சினா கைச்சுப் போகும். அதால கொதிதண்ணிய ஊத்தி ஊற விட்டு வடிப்பம். பிளேன்டீக்கு இஞ்சியத் தட்டிப் போட்டு, சீனிய வாயில வச்சுக் குடிக்கிறது மலையகத்தில வழமை. பால் தேத்தண்ணி எண்டா அனேகமா பால்மா (பால் பவுடர்) தான். மாவையும் சீனியையும் கோப்பையில போட்டு, கொஞ்சம் சுடு சாயம் விட்டுக் கட்டியில்லாமக் குழைச்சு, பிறகு மிச்சச் சாயத்த விட்டு ஆத்துவம். ஏலக்காய் போடுறது விருந்தாளி வந்தா மட்டும்.

ஒண்டு சொல்லோணும். பட்டை எண்டு நீங்க கடையில வாங்கிறது அனேகமா கறுவா இல்ல. தடிச்சு, ஒற்றைச் சுருளா, கையால உடைக்க ஏலாம இருந்தா அது வேற மரத்துப் பட்டை. எங்கட கறுவா மெல்லிய தாள் மாதிரி பல சுருள், கையால நொறுக்கலாம். வாசமும் மெதுவா, இனிப்பா இருக்கும்.

ரசாயன_வாத்தியார் (ஓய்வு)
சகோதரி சொன்னது முக்கியம். தடித்தது காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், கறுவாவில் மிகச் சொற்பம். அதிக அளவில் நாள்தோறும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. டீயில் போடும் சிறு துண்டுக்குப் பயப்படத் தேவையில்லை. பட்டைப் பொடியை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு எடை குறைக்கப் பார்ப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அப்புறம் தம்பி கேட்ட சாம்பல் நிறத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போர்த் தண்ணீரா, கேன் தண்ணீரா?

பெருங்குடி_நைட்ஷிப்ட்
போர் சார். குடிக்கத்தான் கேன். டீ எப்படியும் கொதிக்கிறதே என்று போர் தண்ணீர்.

ரசாயன_வாத்தியார் (ஓய்வு)
அதுதான். கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து மேலே ஏடு கட்டும், பளிச்சென்ற சிவப்பு மங்கி அழுக்குப் பழுப்பாகும். டீயின் பளபளப்பு தியாஃப்ளேவின் என்ற பொருளால் வருவது. தண்ணீரில் காரத் தன்மை (மிளகுக் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான அல்கலி) கூடினால் அது தாங்காது. அதே தூளைப் போர் தண்ணீரில் ஒரு கிளாஸ், கேன் தண்ணீரில் ஒரு கிளாஸ் பால் விடாமல் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

பாலை ஏன் பிறகு சேர்க்க வேண்டும் என்பதும் இதோடு ஒட்டியது. டீயின் துவர்ப்புப் பொருளைப் பாலின் கேசீன் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பால் டீ துவர்ப்பதில்லை. ஆனால் பாலிலேயே தூளைப் போட்டால் சாயம் சரியாக இறங்காது. இறங்கவில்லையே என்று மேலும் மேலும் கொதிக்க வைப்போம், கசப்புதான் மிஞ்சும்.

தோஹா_டூட்டி
கரக் டீ பற்றி யாரும் பேசவில்லையே! இங்கே கத்தாரில் எந்தத் தெருமுனையிலும் கரக்தான். காருக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். டின் பால், அதாவது தண்ணீர் வற்றவைத்த பால், நிறைய ஏலக்காய், சில இடத்தில் குங்குமப்பூ, சிடிசி தூள். நம் மலையாளிகள்தான் பெரும்பாலும் மாஸ்டர். கரக்கை நீண்ட நேரம் காய்ச்சுவார்கள், கசக்காது, கெட்டியாக இருக்கும். டின் பால் விட்டால் நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட் என்ற கவலையே இல்லை.

டீமாஸ்டர்_திருப்பூர்
டின் பாலில் எதைப் போட்டாலும் ருசிக்கும் தம்பி. அது டீயின் சாமர்த்தியமா, பாலின் சாமர்த்தியமா?

கோத்தகிரி_பனி
பால் பேச்சு வந்ததால். ஆவின் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. மசாலா டீக்குப் பச்சை சரியாக வரும் என்பது என் எண்ணம். ஆரஞ்சில் கொழுப்பு நாக்கில் படிந்து மிளகுக் காரம் மட்டுப்படுகிறது. நீலம் என்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. உதிரியாகத் தூள் வாங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளை வடிகட்டித் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்து, பிறகு தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் கழுவிப் பாருங்கள். அழுத்தமான கறை ஒட்டிக்கொண்டால் சாயம் சேர்த்த தூள். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. உதிரியில் மட்டும்தான் கலப்படம் என்று சொல்லவில்லை, பாக்கெட்டையும் பார்க்கலாம்.

நாகர்கோவில்_அம்மா
நான் எப்போதும் படித்துவிட்டுப் போகிறவள். கருப்பட்டி போட்டு மசாலா டீ போட முடியாதா? எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதே இல்லை. கிராம்பு எங்கள் மாவட்ட மலையில் விளைகிறது, அதையும் போடுகிறேன். ஆனால் கருப்பட்டி சேர்த்தால் சில நேரம் திரிகிறது.

மணிநகர் மீனா
அம்மா, கருப்பட்டியோ வெல்லமோ பால் கொதிக்கும்போது போடக் கூடாது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் தூளாக்கிய கருப்பட்டியைப் போட்டுக் கலக்குங்கள். இல்லையென்றால் டம்ளரில் கருப்பட்டிப் பாகை விட்டு அதன் மேல் சூடான டீயை ஊற்றுங்கள். பழைய வெல்லம் புளித்திருக்கும், அது எப்படிப் போட்டாலும் திரிக்கும்.

நாகர்கோவில்_அம்மா
சரி மக்களே, பாகு வைத்துப் பார்க்கிறேன்.

செவிலியர்_மதுரை
ஒரே ஒரு குறிப்பு. இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம், மசாலா டீயாக இருந்தாலும். டீயின் டானின் உணவிலிருந்து இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயில் விழுங்குகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். பெருங்குடித் தம்பிக்கும்: படுக்கப் போகும் முன் டீ குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று இன்னொரு இழை தொடங்காதீர்கள்.

பெருங்குடி_நைட்ஷிப்ட்
அக்கா, எனக்கு டீ குடித்தால்தான் தூக்கமே வரும் 😅

சரி, இந்த வாரம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். கேன் தண்ணீர், இஞ்சி கொதிநீரில், லீஃப் தூள், பச்சைப் பாக்கெட், ஏலக்காய் கடைசியில். பால் திரியவில்லை, நிறம் செங்கல் சிவப்பு. கசப்பு சுத்தமாக இல்லை. பாக்கெட் மசாலாவை ஓரம் கட்டியாயிற்று. மனைவிக்கு மட்டும் மிளகு அதிகமாகப் படுகிறது, நாலை இரண்டாகக் குறைத்துச் சோம்பு கொஞ்சம் போடச் சொல்கிறாள். போடலாமா?

மணிநகர் மீனா
தாராளமாக. இங்கேயும் சிலர் போடுவார்கள், இனிப்பாக இருக்கும். கிராம்பை எடுத்துவிடுங்கள், சோம்போடு சண்டை போடும்.

சுத்தத்தேநீர்
முதலில் மிளகு குறைந்தது, இப்போது கிராம்பு போகிறது. நான் காத்திருக்கிறேன்.

பெருங்குடி_நைட்ஷிப்ட்
சார் 😂 கடைசியாக ஒன்று. சனிக்கிழமை வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து, மாலையில் நாற்பது பேர் வருவார்கள். எல்லாருக்கும் இந்த டீதான் என்று வாய்விட்டுவிட்டேன். இருபது மடங்கு பெருக்கிப் போட்டால் சரியாக வருமா?

டீமாஸ்டர்_திருப்பூர்
பெருக்கிப் போடாதீர்கள், மசாலா தூக்கிக்கொண்டு போகும். 100 மில்லி கிளாஸ் நாற்பதுக்கு என் கணக்கு: தண்ணீர் இரண்டு லிட்டர், பால் இரண்டரை லிட்டர், தூள் 100 கிராம், சர்க்கரை 300, இஞ்சி 100, ஏலக்காய் 10 கிராம், மிளகு 5 கிராம். பட்டை விரல் நீளத்தில் ஒன்று, கிராம்பு ஐந்தாறு. கூட்டத்துக்கு மசாலா கம்மியாக இருப்பதே நல்லது, குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரும் குடிக்க வேண்டும்.

இரண்டு அடுப்பு வையுங்கள். ஒன்றில் மசாலாத் தண்ணீரும் டீத்தூளும் சேர்த்து டிகாஷன் வைத்து உடனே வடிகட்டிவிடுங்கள், தூள் அதிலேயே கிடந்தால் கடைசிப் பந்திக்குக் கசக்கும். இன்னொன்றில் பால் சூடாகவே இருக்கட்டும். பத்துப் பத்துப் பேராக வரும்போது வேண்டியதை மட்டும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து ஒரு கொதி, தட்டிய ஏலக்காய் ஒரு சிட்டிகை, ஒரு நிமிடம் மூடி, ஊற்றிக் கொடுங்கள். மீனா தங்கச்சி டீ மாதிரியே இருக்கும், எங்கள் கடை வேகமும் இருக்கும். கலந்த டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி மணிக்கணக்கில் வைக்காதீர்கள். நிறம் கறுக்கும், ஒரு வேகின வாடை வந்துவிடும்.

பெருங்குடி_நைட்ஷிப்ட்
அண்ணே, அருமை. இரண்டரை லிட்டருக்கும் பச்சைப் பாக்கெட்டேவா, இல்லை விசேஷம் என்று ஆரஞ்சு வாங்கட்டுமா?

டீமாஸ்டர்_திருப்பூர்
பச்சையே போதும். ஆரஞ்சு வாங்குகிற காசுக்கு அரைக் கிலோ பிஸ்கெட் சேர்த்து வாங்குங்கள். அரை லிட்டர் பால் கூடுதலாகவும் வாங்கி வையுங்கள். நாற்பது பேர் என்றால் ஐம்பது பேர் வருவார்கள்.